சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் மூடி வையுங்கள்: புதிய தமிழாசிரியருக்குக் கட்டுரைத் திருத்தமும் வகுப்புப் படைப்பும்

இந்த ஆண்டு ஒரு தமிழ் வகுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருப்பீர்கள், அல்லது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் துணைப்பாட வகுப்பில் கற்பிப்பீர்கள், அல்லது ஏதோ ஓர் அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவீர்கள். எங்கே என்றாலும் மூன்றாவது வாரத்துக்குள் ஒரு கட்டுக் கட்டுரை உங்கள் மேசைக்கு வந்துவிடும். ஆறாவது, ஏழாவது வாரத்தில் ‘மாணவர் படைப்பு’ என்று, அதாவது பிள்ளைகள் வகுப்பின் முன்னால் பேசிக் காட்டுவது என்று, பாடக்குறிப்பில் ஒரு வரி எட்டிப் பார்க்கும். பெரும்பாலோர் இரண்டையும் தனித்தனி வேலையாகச் செய்து, இரண்டிலும் களைத்துப்போகிறார்கள். ஒரே கட்டுரையை வைத்து இரண்டையும் முடிக்கும் வழி ஒன்று இருக்கிறது. பத்து வாரத் தவணைக்குள் தாராளமாக அடங்கும்.

முதலில் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டில் உயர்நிலை ஒன்று வகுப்பு, 25 பேர். ஒரு பிழையையும் விடக்கூடாது என்ற வைராக்கியத்தில் கட்டுரைக்குப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டேன். ஐந்து மணி நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. திங்கட்கிழமை கொடுத்தேன். பிள்ளைகள் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார்கள், மதிப்பெண்ணைப் பார்த்தார்கள், மூடிவிட்டார்கள். ஒரு பையன் மட்டும், “டீச்சர், இதைப் பார்த்து எழுதணுமா?” என்று கேட்டான். எழுதினான். ‘திருத்தம்’ என்று தலைப்புப் போட்டு, நான் சிவப்பில் எழுதிய வாக்கியங்களை ஒரு எழுத்து மாறாமல் அழகாகப் பார்த்து எழுதினான். அடுத்த கட்டுரையில் அதே பிழைகள் அப்படியே திரும்பி வந்தன. அந்தத் தவணையில் நன்றாக வளர்ந்தது என் தமிழ்தான். அவனுக்குக் கையெழுத்துப் பயிற்சி கிடைத்தது.

நம் பிள்ளைகளின் நிலையையும் மனத்தில் வையுங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. உங்கள் வகுப்பில் சிலர் பாட்டியோடு மட்டும் தமிழ் பேசுவார்கள். சிலர் அதுவும் இல்லை. தமிழ் என்றால் அவர்களுக்குப் பள்ளியில் உங்களோடு இருக்கும் அந்தச் சில மணி நேரம்தான். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஆசிரியருக்கு முதல் கட்டுரைக் கட்டு அதிர்ச்சியாக இருக்கும். ஆசிரியர் அறையில் பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள், பிள்ளையின் முன்னால் வேண்டாம்.

முதல் வாசிப்பு: கையில் பேனா இல்லாமல்

கட்டுரையை முதல் முறை படிக்கும்போது பேனாவைத் தொடாதீர்கள். பேனா கையில் இருந்தால் கண் தானாக ஒற்றுப்பிழையைத் தேடிப் போகும். கதை என்ன, எந்த இடத்தில் பிள்ளை உண்மையாகவே எதையோ பார்த்து எழுதியிருக்கிறது, எந்த இடத்தில் மனப்பாடம் என்று மட்டும் பாருங்கள். ஒரு நிமிடம் போதும்.

மனப்பாடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். “கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்” என்று தொடங்கும். பத்துக் கட்டுரையில் ஆறில் கதிரவன் எழுவான். கதை இரவில் நடந்தாலும் எழுவான். முடிவில் ஒரு பழமொழி வந்து நிற்கும். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. யாரோ ஒரு துணைப்பாட ஆசிரியர், “இப்படித் தொடங்கினால் மதிப்பெண் கிடைக்கும்” என்று சொல்லிக் கொடுத்திருப்பார், பிள்ளை நம்பியிருக்கிறது. அந்த வரியை அடிக்க வேண்டாம். “இதை எடுத்துவிட்டு, உன் இரண்டாவது வாக்கியத்திலிருந்து தொடங்கிப் பார்” என்று ஓரத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் இரண்டாவது வாக்கியம் நன்றாகவே இருக்கும்.

படித்து முடித்ததும் கட்டுரையின் அடியில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். பாராட்டோ அறிவுரையோ வேண்டாம், கேள்வி. கதையில் எங்கே உங்களுக்கு இன்னும் தெரிந்துகொள்ளத் தோன்றியதோ அங்கே கேளுங்கள். இந்த முறை முழுவதுக்கும் அச்சாணி அந்தக் கேள்விதான்.

ஓர் எடுத்துக்காட்டு. உயர்நிலை ஒன்றில் ஒரு மாணவன் இப்படி எழுதியதாக வைத்துக்கொள்வோம்:

“நான் என் பாட்டியுடன் தேக்கா சந்தைக்கு சென்றேன். அங்கே நிறைய கடைகள் இருந்தது. பாட்டி மீன் வாங்கினார். திடீரென்று பாட்டி மயங்கி விழுந்தார். நான் மிகவும் பயந்தேன். எல்லாரும் ஓடி வந்தாங்க.”

‘மிகவும் பயந்தேன்’ என்பதற்குக் கீழே கோடு போட்டு, “இன்னும் விரிவாக எழுதுக” என்று சிவப்பில் எழுதத் தோன்றும். எழுதினால் என்ன வரும்? “நான் மிக மிகப் பயந்தேன். என் இதயம் படபடவென்று துடித்தது.” அதுவும் மனப்பாடம்தான். மாறாக, “பாட்டி விழும்போது அவர் கையில் என்ன இருந்தது?” என்று கேளுங்கள். பிள்ளை யோசிக்கும். பை இருந்தது. பையில்? வெங்காயம். அப்புறம் இப்படி வரும்:

“பாட்டியின் கையிலிருந்து பை நழுவியது. சின்ன வெங்காயம் ஈரத்தரையில் நாலாபக்கமும் உருண்டது. நான் குனிந்து பொறுக்கினேன். நிமிர்ந்தபோது பாட்டி தரையில் கிடந்தார்.”

பயம் என்ற சொல்லே இல்லை, ஆனால் படிக்கிறவருக்குப் பகீரென்கிறது. தேக்கா ஈரச்சந்தையின் தரை எப்போதும் நனைந்திருக்கும் என்பது அந்தப் பிள்ளைக்கு முன்பே தெரியும். நாம் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

இரண்டாம் வாசிப்பு: இரண்டே இரண்டு பிழை

இப்போது பேனாவை எடுக்கலாம். ஆனால் ஒரு கட்டுரைக்கு இரண்டு வகைப் பிழைகளை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். மீதியைப் பார்த்தும் பார்க்காதது போல் விட வேண்டும். இது கஷ்டம், எனக்கு இன்றும் கை அரிக்கும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரே வாரத்தில் ஒற்று, காலம், ஒருமை பன்மை, ல ழ ள எல்லாவற்றையும் சரிசெய்யாது.

பிழை இருக்கும் சொல்லைத் திருத்தாதீர்கள். அந்த வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு குறி போடுங்கள்: எழுத்துப்பிழைக்கு ‘எ’, ஒற்றுக்கு ‘ஒ’, ஒருமை பன்மைக்கு ‘பன்’, காலம் மாறியிருந்தால் ‘கா’, பேச்சு வழக்கு எழுத்தில் நுழைந்திருந்தால் ‘பே’. வரியில் எந்தச் சொல் என்று பிள்ளைதான் தேட வேண்டும். மேலே உள்ள பத்தியில் இரண்டாவது வரிக்குப் ‘பன்’ (கடைகள் இருந்தன), கடைசி வரிக்குப் ‘பே’ (வந்தார்கள்). முதல் வரியில் ‘சந்தைக்குச் சென்றேன்’ என்று ஒற்று வர வேண்டும். இந்த முறை அதை விட்டுவிட்டேன். இப்படிப் பார்த்தால் கட்டுரைக்கு ஐந்து நிமிடம். 25 கட்டுரைக்கு இரண்டு மணி நேரமும் கொஞ்சமும். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு.

ஒற்றைப் பற்றி ஒரு வார்த்தை. வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று முழுப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். மூன்று இடம் போதும்: ‘ஐ’ உருபுக்குப் பின் (புத்தகத்தைப் படித்தேன்), ‘கு’ உருபுக்குப் பின் (பள்ளிக்குச் சென்றேன்), அந்த, இந்த, எந்தவுக்குப் பின் (அந்தப் பையன்). பிள்ளைகள் எழுதும் கட்டுரையில் ஒற்றுப்பிழை பெரும்பாலும் இந்த மூன்றில்தான் வரும். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் பாதி தானாகவே சரியாகிவிடும். “பள்ளிக்குச் சென்றேன்” என்று நாக்கே அழுத்திச் சொல்லும்.

இன்னொரு வகைப் பிழை இந்த ஊருக்கே உரியது. அதற்கு நான் தனிக் குறி வைத்திருக்கிறேன், ஒரு சின்னக் காது படம். ‘இதைச் சொல்லிப் பார், காதுக்குச் சரியாகப் படுகிறதா?’ என்று பொருள். ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் எழுதும்போது வருவது இது. “பேருந்தை எடுத்தேன்” என்பார்கள், பேருந்தில் ஏறினேன். “தேர்வை எடுத்தேன்”, தேர்வு எழுதினேன். “என்னிடம் ஒரு தங்கை இருக்கிறாள்”. எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். “விளக்கைத் திறந்தேன்” என்று ஒரு முறை வந்தது. அது நம் ஊர்ப் பேச்சு ஆங்கிலத்திலிருந்து நேராக இறங்கிய வாக்கியம். இந்தப் பிழைகளுக்கு இலக்கண விதி சொல்லிப் பயனில்லை. ஒரு தாளில் சேர்த்துவைத்து, மாதம் ஒரு முறை வகுப்பில் பெயர் சொல்லாமல் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு அவர்களே வீட்டில் கேட்டதைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் ஒன்று: “டீச்சர், அந்த மீன்கடை அங்கிள் பாட்டிகிட்ட மலாய்லதானே பேசினார், அதை எப்படித் தமிழ்ல எழுதுறது?” நல்ல கேள்வி, மழுப்பாதீர்கள். பேச்சைத் தமிழில் எழுது, எந்த மொழியில் பேசினார் என்பதை மட்டும் ஒரு சொல்லில் சொல்லிவிடு. “‘உட்காருங்கள், உட்காருங்கள்’ என்று மலாயில் சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார்.” இதைச் சொல்லிக் கொடுத்தால், சிங்கப்பூர்க் கதையில் சீனரும் மலாய்க்காரரும் இயல்பாக வந்து போவார்கள். இல்லாவிட்டால் எல்லாக் கதையிலும் எல்லாரும் இலக்கணத் தமிழ் பேசும் விநோத ஊர் ஒன்று உருவாகிவிடும்.

மறுவரைவு வகுப்பிலேயே

திருத்தி எழுதும் வேலையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வீட்டுக்குப் போனால் அம்மா எழுதுவார், துணைப்பாட ஆசிரியர் எழுதுவார், இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதிக் கொடுக்கும். செயலி எழுதியது ஒரு பிழையும் இல்லாமல் இருக்கும். வெங்காயமும் இருக்காது. முதல் வரைவும் மறுவரைவும் வகுப்பில், கையால். இதில் மட்டும் நான் கறார்.

இருபது நிமிடம் ஒதுக்குங்கள். முதல் ஐந்து நிமிடம் இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் கட்டுரையை மற்றவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும். எழுதியவர் கேட்க வேண்டும். நண்பன் எங்கே தடுமாறுகிறானோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. மீதிப் பதினைந்து நிமிடத்தில் ஓரக்குறிகளைச் சரிசெய்து, நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு விடையாக ஒரு பத்தியை மட்டும் புதிதாக எழுதட்டும். முழுக் கட்டுரையையும் மறுபடி எழுதச் சொன்னால் மறுபடியும் பார்த்தெழுதுவதில்தான் போய் முடியும்.

மறுவரைவுக்கு மதிப்பெண் போடலாமா என்று கேட்பீர்கள். மதிப்பெண்ணை மறுவரைவுக்கே போடுங்கள், முதல் வரைவுக்கு வேண்டாம். முதல் வரைவில் எண் இருந்தால் யாரும் உங்கள் கேள்வியைப் படிக்க மாட்டார்கள். 2023 முதல் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி எல்லா நிலைகளிலும் அரையாண்டுத் தேர்வு இல்லை. அதனால் கிடைத்த நேரத்தை இதற்குக் கேட்டு வாங்குவதில் தவறில்லை.

அதே கட்டுரை வகுப்பின் முன்னால்

படைப்புக்குப் புதுத் தலைப்பு தேடாதீர்கள். “சிங்கப்பூரின் தூய்மை” என்று கொடுத்தால் இணையத்திலிருந்து ஒரு பக்கத்தை இறக்கிக்கொண்டு வந்து வாசிப்பார்கள். மறுவரைவு முடிந்த கட்டுரையே போதும். நான்கு பேர் குழுவில் நான்கு கட்டுரை இருக்கும். குழு அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வகுப்புக்குச் சொல்ல வேண்டும். எழுதியவர் சொல்லக்கூடாது, மற்ற மூவர் சொல்ல வேண்டும். எழுதியவர் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். அப்போதுதான் மூவரும் அந்தக் கட்டுரையை உண்மையாகப் படிப்பார்கள்.

நேரக் கணக்கை முதலிலேயே போடுங்கள். 24 பேர் என்றால் ஆறு குழு. சொல்ல ஐந்து நிமிடம், கேள்விக்கு மூன்று, ஒரு குழு போய் அடுத்த குழு வர ஒரு நிமிடம். மொத்தம் 54 நிமிடம். ஒரு மணி நேர வகுப்பில் அடங்கும் என்று தோன்றும். அடங்காது. வணக்கம் சொல்லவும், யாரோ ஒருவர் கழிவறைக்குப் போய் வரவும் பத்து நிமிடம் போய்விடும். மூன்று குழு ஒரு நாள், மூன்று குழு மறுநாள். ஏப்ரல் மாதத்தில் மட்டும் வைக்காதீர்கள்: தமிழ்மொழி விழா நேரம், நன்றாகப் பேசும் பிள்ளைகள் ஏதாவது போட்டிக்குப் போய்விடுவார்கள்.

பேசுவதற்கு முழு உரை எழுதிக் கொண்டுவர அனுமதிக்காதீர்கள். உள்ளங்கை அளவு அட்டையில் ஐந்து சொற்கள், அவ்வளவுதான். ‘தேக்கா, பை, வெங்காயம், நாற்காலி, 995’ (995 ஆம்புலன்ஸை அழைக்கும் எண்) என்று எழுதினால் அந்தக் கதை முழுவதும் வந்துவிடும்.

எந்தத் தமிழில் பேசுவது என்பதில் புதிய ஆசிரியர்கள் பலர் இடறுகிறார்கள். கட்டுரை எழுத்துத் தமிழில் இருப்பதால் பிள்ளையும் “யான் கூற விழைவது” பாணியில் பேச வேண்டும் என்று நினைக்கிறார்கள். வேண்டாம். 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத்தமிழுக்கு நம் வகுப்பில் முறையான இடம் இருக்கிறது. “பாட்டி விழுந்துட்டாங்க, எல்லாரும் ஓடி வந்தாங்க” என்று சொல்லட்டும். கட்டுரையில் ‘பே’ என்று குறி வாங்கிய அதே வாக்கியம் இங்கே சரியான வாக்கியம். இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஆங்கிலச் சொற்றொடர் பாதி, தமிழ் பாதி என்று கலப்பதை மட்டும் தடுத்தால் போதும். அப்புறம், பேச்சுப்போட்டிக்குப் போய் வந்த பிள்ளை ஒன்று எழுந்து, “மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே” என்று தொடங்கும், வகுப்பில் நடுவரே இல்லாவிட்டாலும். அன்போடு உட்காரவைத்து, “உன் நண்பர்களுக்குச் சொல்” என்று மறுபடி தொடங்கச் சொல்லுங்கள்.

திரையில் காட்டும் சில்லுகளை (ஸ்லைடுகளை) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு குழுவுக்கு மூன்றே சில்லு, ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஆறு சொற்களுக்கு மேல் வேண்டாம். எழுத்துரு ஒருங்குறியாக (யூனிகோடாக) இருக்கட்டும். நிர்மலா, லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் எதுவும் சரி. ஐபேடில் அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன, தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை. ஆனால் முந்தின நாளே வகுப்பறைக் கணினியில் ஒரு முறை திறந்து பாருங்கள். ஒரு தடவை என் மாணவிகள் பழைய எழுத்துரு ஒன்றில் எழுதிக் கொண்டுவந்தார்கள்; பெரிய திரையில் ஒரு எழுத்தும் தமிழாக இல்லை, வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்த ஊர் இது. நா. கோவிந்தசாமி போன்றவர்கள் கணினியில் தமிழ் வரப் பாடுபட்ட ஊர். அங்கே நின்றுகொண்டு நான் வடத்தைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்கள் திரையை அணைத்துவிட்டு வெறும் வாயால் சொன்னார்கள். அன்றைக்கு அதுதான் நல்ல படைப்பு.

கூச்சப்படும் பிள்ளையை முதல் தடவையே முன்னால் நிறுத்த வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லட்டும், அல்லது வீட்டில் குரலைப் பதிவுசெய்து மாணவர் கற்றல் தளத்தில் ஏற்றட்டும். அடுத்த தவணையில் எழுந்து நின்றால் போதும்.

கேட்பவர்களுக்கும் வேலை

ஒரு குழு பேசும்போது மற்ற இருபது பேர் என்ன செய்வார்கள்? வேலை கொடுக்காவிட்டால் தங்கள் முறைக்கு முணுமுணுத்துப் பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுத்தாள் கொடுங்கள். கதையில் தெரியாத ஒன்றைக் கேட்டு ஒரு கேள்வி எழுத வேண்டும். “நல்லா இருந்துச்சு” என்று எழுதுவதற்கு அனுமதி இல்லை. நீங்கள் முதல் வாசிப்பில் செய்த அதே வேலையை இப்போது வகுப்பே செய்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மூன்று நிமிடத்தில் மூன்று நான்கு கேள்வி வாயால் வரும். மீதித் துண்டுத்தாள்களைச் சேகரித்துக் கட்டுரை எழுதியவரிடமே கொடுத்துவிடுங்கள், நீங்கள் வடிகட்ட வேண்டாம். பாட்டி கதையைக் கேட்டால் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் எழுதுவார்கள்: “பாட்டி இப்ப எப்படி இருக்காங்க?” கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. ஆம்புலன்ஸ் வந்தது, மக்கள் நன்றி சொன்னார்கள், ‘ஆபத்தில் உதவுபவனே நண்பன்’ என்று முடிந்திருக்கும்.

மறுநாள் பத்து நிமிடம் கொடுத்து, அந்தத் துண்டுத்தாள்களைப் பார்த்துக் கடைசிப் பத்தியை மட்டும் மூன்றாவது முறையாக எழுதச் சொல்லுங்கள். இதற்குக் குறியும் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். மூன்று வரைவையும் ஒன்றாகப் பின்குத்திக் கோப்பில் வையுங்கள். பெற்றோர் சந்திப்பு நாளில் அதைக் காட்டினால் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது. பழமொழியை எடுத்துவிட்டு, “பாட்டி இப்போது தேக்காவுக்குத் தனியாகப் போவதில்லை. பையை நான்தான் தூக்குகிறேன்” என்று யாராவது எழுதியிருந்தால், அந்தத் தாளை ஒரு நகல் எடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். எழுதிய பிள்ளையிடம் முதலில் கேட்டுவிட்டு.